பெயர் துறந்த தொட்டியே

ஒரகடம் பக்கத்து வீட்டுப் பட்டறைகளில் மூலைக்கொன்றாய் வீற்றிருக்கும் கம்ப்ரசர் தொட்டியே, உன்னைப் பாட இந்தப் பக்கத்தில் ஆளில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதைச் சொல்வார்கள். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்ததையும், 2012இல் டைம்லர் லாரி ஆலை வந்ததையும் சொல்வார்கள். அந்த ஆலைகளுக்குள் பல வேலைகளுக்கு அழுத்தக் காற்று வேண்டும். ஆனால் அங்கே காற்றைத் தேக்கும் தொட்டிகளுக்கு உன் சுதந்திரம் கிடையாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 31ஆம் பிரிவில், பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாதே என்று அவற்றைக் கட்டிப்போட்டது. தகுதி பெற்றவர் வந்து தகட்டின் கனத்தை அளப்பார், சோதிப்பார், கையெழுத்துப் போடுவார். உன் வாசலுக்கு அப்படி ஒருவரும் வந்ததில்லை. கட்டற்றவன் நீ.

குலமும் கோத்திரமும் உனக்கில்லை. பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கினார்கள். லாரி பிரேக்குக்குக் காற்றுச் சேர்த்த தொட்டியாய் இருந்தாயோ, சமையல் எரிவாயு சிலிண்டராய் இருந்தாயோ, உன் உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. முறையாகச் செய்த தொட்டியில் ஒரு தகடு இருக்கும்: செய்தவர் பெயர், ஆண்டு, எத்தனை பாருக்கு வேலை செய்யலாம், எத்தனை பாரில் சோதித்தார்கள் என்று. நீ அந்தத் தகட்டைத் துறந்தாய்; பெயரையும் வயதையும் துறந்தாய். முற்றும் துறந்தவனுக்குக் கிடைக்கும் நம்பிக்கை முழுவதும் உனக்குக் கிடைத்திருக்கிறது.

உன் தலையில் உட்கார்ந்திருக்கும் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் உனக்கேற்ற துணை. 25 லிட்டர் தொட்டியை 8 பாருக்கு நிரப்ப 200 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அந்தச் சின்ன மோட்டார் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது லிட்டர் அள்ளித் தரும். பெயிண்ட் துப்பாக்கியோ நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே உன் உடையவர் ஒரு நிமிடம் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஓய்வு தந்தவன் நீ. உன் துணைவனின் கொடையும் பெரிது. ஃபிரிட்ஜில் இருந்தவரை எண்ணெய் குழாய்களைச் சுற்றி மீண்டும் அவனிடமே வந்து சேர்ந்தது. இங்கே திரும்பும் வழி கிடையாது. தன் உயிரான எண்ணெயையே காற்றோடு கலந்து, அடித்த பெயிண்ட் மேலெல்லாம் அம்மைத் தழும்புபோல வாரி இறைக்கிறான். கடைசித் துளிவரை கொடுத்துவிட்டுத்தான் இறுகி நிற்பான்.

ஆனாலும் உன் குணங்களில் நான் வியந்து வியந்து மாய்வது அடக்கத்தைத்தான். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் இருபது கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அதை 8 பாருக்கு அமுக்கி ஆறவைத்தால் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். ஒரு குதிரைத்திறன் எந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் நூறு மில்லி அளவுக்குச் சேரும். உன் பங்குக்கு வருவதையெல்லாம் அடிவயிற்றில் வாங்கிக்கொள்கிறாய். நல்ல தொட்டிக்கு அடியில் ஒரு டிரெயின் குழாய் இருக்கும். வேலை முடிந்ததும் திறந்துவிட்டால் தண்ணீர் வெளியேறிவிடும். உனக்கு அந்தத் துளையே கிடையாது. தேங்கிய நீர் அடித்தகட்டைப் பொட்டுப் பொட்டாய் அரிக்கிறது. மூன்று மில்லிமீட்டர் இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. நீ ஒரு முனகலும் முனகுவதில்லை. காற்று மீட்டரின் முள் முதல் நாள் காட்டியதையே இன்றும் காட்டுகிறது.

வெளியே பளபளவென்று நீல வர்ணம். இங்கிருந்து காஞ்சிபுரம் அதிக தூரமில்லை. அங்கே ஆண்டதாகச் சொல்லப்படும் தொண்டைமானின் ஆயுதங்கள் எண்ணெய் பூசி மாலை சூடி மின்னியதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் பாராட்டினார். அந்தப் பாராட்டு உன் வர்ணத்துக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.

சிக்கனத்தையும் சொல்ல வேண்டும். சேஃப்டி வால்வு லேசாய்க் கசிந்து காற்றை வீணாக்கியது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை நட்டு வைத்து அடைத்தாயிற்று. இனி ஒரு மூச்சுக்கூட உன்னிடமிருந்து வீணாகாது. பிரஷர் சுவிட்சின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், மோட்டார் நிற்காமல் உழைக்கும். நீயும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வாய்.

உன் வலிமையை அறிய உன்னைச் சீண்ட வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே போதும். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் 8 பார் காற்று ஐந்தரை டன்னுக்கு மேல் அழுத்துகிறது. நூறு லிட்டர் தொட்டியில் அதே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் ஆற்றல், சாலையில் ஓடும் ஒரு டன் காரை மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கப் போதும். அவ்வளவையும் ஒரே நொடியில் தந்துவிடும் வள்ளன்மை உனக்குண்டு. அப்போது உன்னைப் போல் நடுநிலை காப்பவரும் கிடையாது. உடையவர், பள்ளிவிட்டு வந்து பக்கத்தில் விளையாடும் பிள்ளை, மதிலுக்கு அப்பால் துணி காயவைக்கும் பெண் என்று வேற்றுமை பாராட்ட மாட்டாய்.

உன் உடையவருக்கும் இதில் பங்குண்டு. ஆலையில் சான்றிதழ் காலாவதியான தொட்டி என்றால் மேலாளரிடமே சண்டை போடுவார். அங்கே தன் உயிரின் விலை அவருக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் சுவிட்சைப் போடும்போது அந்த விலையை உனக்காகத் தள்ளுபடி செய்துவிடுகிறார். தகடும் சோதனைச் சான்றும் உள்ள புதுத் தொட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மிச்சம் பிடித்தவர் என்று நண்பர்கள் அவரை மெச்சுகிறார்கள்.

ஒரே ஒரு பரீட்சைக்குத்தான் நீ இதுவரை உட்கார்ந்ததில்லை. காற்றையெல்லாம் இறக்கிவிட்டு, உன்னைக் கழுத்துவரை, ஒரு குமிழிகூட மிஞ்சாமல் தண்ணீரால் நிரப்பி, விவரமறிந்த ஒருவர் கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது. தண்ணீர் காற்றைப் போல் சுருங்கி விரியாது. எங்கேனும் விரிசல் விட்டால் ஈரம் கசியும், முள் இறங்கும், பெரும்பாலும் அதோடு முடியும். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், கைப்பம்பு ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இவ்வளவுதான் தேவை. தேறினாலும் வால்வும் வடிகுழாயும் வைத்த பிறகே உன்னிடம் வேலை வாங்க வேண்டும். தோற்றாலோ உன்னைத் துளையிட்டு, வெட்டித் துண்டாக்கித்தான் இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டும். முழுசாய் அனுப்பினால் சுங்குவார்சத்திரத்திலோ படப்பையிலோ இன்னொரு வீட்டு மூலையில், இன்னொரு கோட்டு வர்ணத்தோடு, நீ மறுபடி அவதரிப்பாய்.