கரடிப் படம் போட்ட பேஸ்ட்டு

இப்படி வா அம்மிணி. எம் பேரனுக்குப் புதுசா பேஸ்ட்டு வாங்கியாந்திருக்கியாமா? குடு, பாப்போம். அடேங்கப்பா! கரடிப் படம், ஸ்ட்ராபெரி வாசம். எனக்கே சோத்துக்குத் தொட்டுக்கலாம்னு தோணுது. பையன் பல்லு வெளக்கறானா, பலகாரம் திங்கறானா? இனிப்புக்குப் போடறது சர்க்கரை இல்லைதான், அதுல சொத்தை வராது. ஆனா ருசி கண்டவன் துப்புவானா?

கரடி கெடக்கட்டும், டியூப்பைத் திருப்பு. பொடி எழுத்துல ஃப்ளூரைடுன்னு இருக்கா? சொத்தையைத் தடுக்கற சரக்கு அதுதான். 1000 பிபிஎம்மாவது இருக்கோணும்னு பல் டாக்டருங்க சொல்றாங்க. கொழந்தைக பேஸ்ட்டு செலதுல 500க்குள்ளதான் கெடக்குது. "முழுங்குனாலும் ஒண்ணும் ஆவாது"ன்னு பெருமை அடிச்சுக்கறதுல பெரும்பாலும் அந்தச் சரக்கே கெடையாது. வெல மட்டும் ஒரு காசு கொறையாது பாத்துக்க.

"அது வெசமாச்சே மாமா"ங்கற. தருமபுரிப் பக்கம் ஃப்ளூரைடு சாஸ்தியான போர்த் தண்ணி குடிச்சே பல்லு காவியேறின சனத்தை நானும் பாத்தவன்தான். அதுக்காகத்தானே 2013ல ஒகேனக்கல் தண்ணியையே கொழாயில கொண்டாந்தாங்க? அது வருசக்கணக்கா வயித்துக்குள்ள போனது. இது பல்லு மேல பூசறது. மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, அப்புறம் ஆறு வரைக்கும் பட்டாணி அளவு, அவ்வளவுதான். வெளம்பரத்துல பிரஷ்ஷு நீளத்துக்கும் பிதுக்கறானே, அவனுக்கு டியூப்பு சீக்கிரம் தீரோணும், உனக்கென்ன? ஊருத் தண்ணியிலயே ஃப்ளூரைடு சாஸ்தின்னா மட்டும் பல் டாக்டரைக் கேட்டுக்க.

எங்கே, பையன் மேலுதட்டைத் தூக்கு. ஈறோரமா சுண்ணாம்புக் கோடாட்டம் வெளுப்பாத் தெரியுதா? அதுதான் சொத்தைக்கு மொதல் தந்தி. இப்பவே புடிச்சா நிறுத்திப்போடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துட்டா டாக்டர்தான். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கும், எச்சியும் அலசிக்கும், தப்பிச்சுக்கும். மேல்பல்லுதான் மாட்டிக்கும். வாயில பால் பாட்டிலோட தூங்கப் போடறியே, தூக்கத்துல எச்சி சரியா ஊறாது அம்மிணி. பாலும் சர்க்கரையும் விடிய விடியப் பல்லுல குடித்தனம் நடத்தும். அதுக்கு எந்தப் பேஸ்ட்டு வந்து பஞ்சாயத்துப் பண்ணும்?

"பால் பல்லுதானே, விழுந்துரும்"னு உம் புருசனும் சொல்லுவான். அவனுக்கென்ன, பல்லு வலியில ராத்திரி முழிச்சு அழுவற புள்ளையத் தூக்கிட்டு நடக்கறது நீதானே! கடவாப் பால் பல்லு பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் வாயில இருக்கோணும்.

இன்னிக்கு ராத்திரி பாலு குடிச்சப்புறம் வெளக்கி உடு. துப்பச் சொல்லு, தண்ணி ஊத்திக் கொப்பளிக்க வேண்டாம், சரக்கெல்லாம் கழுவிப் போயிரும். ஏழெட்டு வயசு வரைக்கும் பிரஷ்ஷு உங் கையில இருக்கட்டும். வெளக்கற ரெண்டு நிமிசம் மட்டும் செல்போனைக் கீழ வெச்சுக்க, ஒண்ணும் ஓடிப்போயிராது.