முப்பது நாளார்

பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே தொங்கும் ‘முப்பது நாட்களில் ஆங்கிலம்’ வகைப் புத்தகம் ஒன்றை வாங்கி, அட்டை தெரியாதபடி செய்தித்தாள் உறையிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே படிக்கும் தமிழரை ‘முப்பது நாளார்’ என்று அழைப்பது பொருந்தும். பெயரில் முப்பது இருந்தாலும் இவர் பல ஆண்டுகளாக ஏழாம் நாளிலேயே குடியிருப்பவர். முதல் ஆறு நாட்கள் வணக்கமும் நலம் விசாரிப்புமாகச் சுகமாகக் கழிய, ஏழாம் நாள் வினைச்சொல்லின் மூன்று வடிவங்களோடு வந்து வாசலை மறித்துக்கொள்கிறது. துணிக்கடை விற்பனையாளர், கணக்கு எழுதுபவர், பொறியியல் முடித்து நேர்காணலுக்கு அலையும் இளைஞர், பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்ட தாய் எனப் பல உருவங்களில் இவரைக் காணலாம்.

புத்தகம் மூன்று பத்திகளாக இருக்கும்: ஆங்கில வாக்கியம், தமிழ் எழுத்தில் அதன் ஒலிப்பு, தமிழ்ப் பொருள். முப்பது நாளார் நம்பி வாழ்வது நடுப்பத்தியை. தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து, சொல்லில் தான் நிற்கும் இடத்தைப் பொறுத்து வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும்; ஆங்கிலத்திலோ அவ்விரண்டும் தனித்தனி எழுத்துகள், அவற்றை மாற்றினால் பொருளும் மாறிவிடும். ஆகவே, பெரியது என்று பொருள்படும் சொல்லும் பன்றியைக் குறிக்கும் சொல்லும் நடுப்பத்தியில் ‘பிக்’ என்றே ஒன்றாக நிற்கின்றன. புதுமனை புகுவிழாவுக்குப் போய், வீட்டுக்காரரிடம் ‘யுவர் ஹவுஸ் இஸ் வெரி பிக்’ என்று இவர் மனமார வாழ்த்தும்போது, இவர் எதைச் சொன்னார் என்பது இவருடைய உதடுகளுக்கே வெளிச்சம். வீட்டுக்காரரும் பெரும்பாலும் அதே புத்தகத்தைப் படித்தவர் என்பதால் விருந்து தடையின்றி நடக்கிறது.

முதல் நாள் பாடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஹவ் டூ யூ டூ’ என்று ஒருவர் கேட்டால் ‘ஹவ் டூ யூ டூ’ என்றே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று புத்தகம் கூறுகிறது. கேட்ட கேள்வியையே பதிலாகத் தருவது பள்ளியில் முழங்காலிட வைக்கும் குற்றம் என்று கற்று வளர்ந்தவருக்கு இது ஒப்பவில்லை. ஆனால் தெருவில் எதிர்ப்படுபவர் ‘சாப்பிட்டாச்சா’ என்றால், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிற்றோடு ‘ஆச்சு ஆச்சு’ என்று இவரே சொல்லி நடக்கிறார். செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவைப் பேணுவதற்காகவே பேசப்படும் இத்தகைய பேச்சுக்கு, போலந்தில் பிறந்த மானிடவியலாளர் புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி 1923ஆம் ஆண்டில் ‘ஃபேட்டிக் கம்யூனியன்’ என்று பெயர் சூட்டினார். தமிழில் ‘உறவாடற் பேச்சு’ எனலாம்.

இவருடைய ஆங்கிலத்தில் பிழையென்று சிரிக்கப்படுபவற்றுள் பாதி, உண்மையில் தமிழின் மரியாதைகள். விடைபெறும்போது ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்கிறார். ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லி வாசல் தாண்டுவது ஆகாது, ‘போய் வருகிறேன்’ என்றே சொல்ல வேண்டும் என்று பாட்டி கற்றுத்தந்ததை மூன்று நாள் பாடம் அழித்துவிடுமா என்ன? வேறு சில இடங்களில் குறை ஆங்கிலத்தினுடையது. ‘நீங்கள் வீட்டில் எத்தனையாவது பிள்ளை’ என்று ஆங்கிலத்தில் கேட்கப் புகுந்தவர் எவரும் முழுதாகக் கரையேறியதில்லை. ‘எத்தனையாவது’ என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் அம்மொழியில் இல்லாததால், மேல்நாட்டுப் பட்டம் பெற்ற பேராசிரியரும் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்.

பிழைபட்ட சொற்றொடர் நூலுக்கு உலக அளவில் ஒரு முன்னோடி உண்டு. 1855ஆம் ஆண்டில் போர்த்துகீசியருக்காக வெளிவந்த பெத்ரோ கரோலினோவின் ஆங்கில உரையாடல் நூல், ஆங்கிலம் அறியாதவர் பிரெஞ்சு அகராதியின் துணையோடு எழுதியது என்று கருதப்படும் அளவுக்குக் குழம்பிக் கிடந்தது; 1883இல் அதன் அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுத, அது நகைச்சுவை நூலாகவே புகழ்பெற்றது. நம்மூர்ப் புத்தகங்கள் அவ்வளவு மோசமானவை அல்ல. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல் ஒன்றை விற்கக் கிரிக்கெட் வீரர் கபில் தேவே விளம்பரத்தில் தோன்றியிருக்கிறார். அவரே படிக்கிறபோது நமக்கென்ன என்ற தெம்பு பலரை ஏழாம் நாள் வரையிலாவது கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

புத்தகத்தின் உண்மையான குறை வேறு. அதில் வரும் அஞ்சலக அலுவலரும் மருத்துவரும் ரயில் நிலையத்தாரும் முழு வாக்கியத்தில், பொறுமையாக, இவர் மனப்பாடம் செய்த வரிசையிலேயே பதில் சொல்வார்கள். மெய்யான பயணச்சீட்டு முகப்பிலோ, ‘குட் மார்னிங் சார், மே ஐ ஹேவ் எ டிக்கெட் டு மதுரை ப்ளீஸ்’ என்று இவர் மூச்சுவிடாமல் முடித்ததும், ‘ஃபார்ம் ஃபில் பண்ணிட்டு வாங்க, சில்லற இருக்கா’ என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அந்தப் பதில் எந்த நாளின் பாடத்திலும் இல்லை.

இன்னொரு வேடிக்கை, இவர் ஆங்கிலத்திலேயே வாழ்கிறார் என்பது இவருக்குத் தெரியாது. ‘சார், லைன் பிஸியா இருந்துச்சு, நைட்டு கால் பண்றேன்’ என்று இவர் கைப்பேசியில் சொல்லும் ஏழு சொற்களில் ஐந்து ஆங்கிலம். அப்படிப் பேசிவிட்டு, ‘எனக்கு இங்கிலீஷ் வராதுங்க’ என்று வருந்தவும் செய்கிறார். அந்த வருத்தத்தின் நடுவிலும் ஓர் ஆங்கிலச் சொல் இருப்பதைக் கவனிப்பதில்லை.

இவர் அஞ்சுவது வெள்ளைக்காரருக்கு அல்ல. மாமல்லபுரத்தில் வழி கேட்கும் வெளிநாட்டுப் பயணியிடம் ‘ஸ்ட்ரெயிட், லெஃப்ட், கோயில்’ என்று கையால் பாதி வாயால் பாதி பேசி அனுப்பிவிடுகிறார். அவரும் சரியாகக் கோயிலுக்கே போய்ச் சேருகிறார். இவர் நடுங்குவது பக்கத்தில் நிற்கும் இன்னொரு தமிழரைக் கண்டுதான். நேர்காணலில் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று கேட்பவர் தாம்பரத்துக்காரர். ‘மைசெல்ஃப் முருகேசன்’ என்றதும் உதட்டோரம் சிரிப்பவரும் அவரே. பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாய், நான்கு நாள் ஒத்திகை பார்த்த ‘ஹவ் இஸ் மை சன் ஸ்டடியிங்’ என்பதைத் தொண்டையில் நிறுத்திக்கொண்டு, ‘அம்மா, பேசாம நில்லு’ என்று மகன் காதோரம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கேட்டிருக்கலாம்; வாக்கியம் பிழையற்றதுதான். ஆசிரியை பதிலைத் தமிழிலேயே சொல்லியிருக்கவும் கூடும்.

ஆகவே, அடுத்த முறை எவரேனும் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கும்போது, வாசகர்கள் அவர் பெயரைச் சொல்லி முடிக்கும் வரையிலாவது முகத்தை வைத்தபடி வைத்திருக்க வேண்டும். அவர் எட்டாம் நாளுக்குப் போக வேண்டியிருக்கிறது.