படிக்காத பாட்டிக்குச் சான்று எங்கே?

தமிழ்நாட்டில் ஒருவர் படித்தவர் என்று காட்டிக்கொள்வது எளிது. பெயருக்குப் பின்னால் நாலு எழுத்தைச் சேர்த்தால் போதும். பிளக்ஸ் அடிப்பவர்கூடக் கேள்வி கேட்கமாட்டார். படிக்காதவர் என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. அதற்கு இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்ட வேண்டும். வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வேண்டும். மண்டலத் துணை வட்டாட்சியர் மனம் வைக்க வேண்டும்.

முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் என்று இதற்குப் பெயர். 2010-11 கல்வியாண்டில் கலைஞர் ஆட்சியில் வந்தது. குடும்பத்தில் அதுவரை பட்டதாரியே இல்லையென்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் பெறும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை. நல்ல திட்டம். இதனால் பொறியாளர் ஆனவர்கள் ஏராளம். திட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல திட்டத்தையும் வாசற்படியில் நிறுத்திவைத்து நாலு முறை அலையவிடும் நம் கைப்பக்குவம் இருக்கிறதே, கோபம் அதன் மேல்தான்.

சென்னைக் கடற்கரையின் நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தி மனுவோடு போகிறாள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எல்லா ஆபீஸிலும் ஒரே நாடகம்தான்.

“உங்க பாட்டி என்னம்மா படிச்சிருக்காங்க?”

“படிக்கல சார்.”

“அதுக்கு ஆதாரம்?”

“படிக்கலன்றதுக்கு இன்னா சார் ஆதாரம்?”

“டி.சி. இருக்கும்ல. அஞ்சாம் கிளாஸ் டி.சி.யாவது கொண்டாம்மா.”

“போகாத ஸ்கூல்ல எப்டி சார் டி.சி. குடுப்பாங்க?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. சிஸ்டம் ஏத்துக்காது.”

அன்றைக்குப் பாட்டியை ஏற்றுக்கொள்ளாததும் இதே சிஸ்டம்தான். அறுபது வருஷம் கழித்து, ‘உன் பாட்டியை நாங்கள் உள்ளே விடவில்லை என்பதற்கு என்ன சாட்சி?’ என்று பேத்தியிடமே கேட்கிறது.

ஒரு வீட்டுக்கு ஒரு சான்றிதழ்தான் என்பது இதில் இன்னொரு வேடிக்கை. அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. அக்கா இன்னும் முதல் செமஸ்டரே எழுதியிருக்கமாட்டாள். தம்பி அதற்குள் பரம்பரைப் படிப்பாளி வீட்டு வாரிசாகிவிடுவான். அம்மா லூப் ரோட்டில் கூடையை இறக்கிவைத்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அரசாங்கக் கணக்கில் அந்தக் குடும்பம் கரையேறியாகிவிட்டது.

சரி, சான்றிதழ் கிடைத்து, இடமும் கிடைத்து, பிள்ளை கல்லூரிக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லும் கல்லூரிக்குப் பெயர் இல்லை. சாந்தோமில் பஸ் ஏறி எந்தத் திசையில் போய் இறங்கினாலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

முதல் நாள் வரவேற்பு விழா. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறார். அவர் பேச்சு முடிவதற்குள் பிள்ளைகள் கொண்டுவந்திருந்த தன்னம்பிக்கையும் முடிந்துபோகிறது. பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டிப் பேராசிரியர் ஒதுக்கப்படுகிறார். பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளராக இருப்பார். அவருக்கே மே மாதச் சம்பளம் கிடையாது. பதினொரு மாதம் மட்டும் மனிதராக மதிக்கப்படுகிறவர், பன்னிரண்டு மாதமும் பசிக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும்.

சம வாய்ப்பு மையமும் அங்கே உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் போட்ட விதியின்படி எல்லாக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். இருக்கிறது. கதவில் பலகையும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பெண் போடும் நாக் குழு வருகிற வாரத்தில் அந்த அறைக்கு வெள்ளையடித்து, பூந்தொட்டி வைத்து, நான்கு மாணவிகளை உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள். குழு போன மறுநாள் பூந்தொட்டி பிரின்சிபால் அறைக்குத் திரும்பிவிடும்.

வருகைப்பதிவைப் பார்ப்போம். எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். முகூர்த்த நாட்களில் கேட்டரிங்கில் இலைபோட்டுப் பரிமாறி, விடியற்காலை மூன்று மணிக்குக் கண்மூடிய பையன் எட்டரை மணி வகுப்புக்கு வரமாட்டான். அறுபத்தைந்துக்குக் கீழே போகாதவரை அதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள், கண்டொனேஷன் பீஸ். பணம் கட்டினால் வராத நாட்கள் மன்னிக்கப்படும். பீஸ் கட்டப் பணமில்லாமல் வேலைக்குப் போனான், வேலைக்குப் போனதால் வகுப்புக்கு வரவில்லை, வராததற்கு இப்போது பீஸ் கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னும் இரண்டு கல்யாணத்தில் பரிமாற வேண்டும். இந்தச் சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தாலும் தகும்.

ஸ்காலர்ஷிப் வரும், ஆனால் பீஸ் கட்டும் கடைசித் தேதி அதற்கு முன்னாலேயே வந்துவிடும். பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-இல் போட்ட 92-ஆம் எண் அரசாணை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் ‘முதல்ல நீ கட்டு, கவர்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தர்றோம்’ என்கிற கல்லூரிகளும் உயிரோடு இருக்கின்றன. முதலிலேயே கட்ட முடிந்தவனுக்கு ஸ்காலர்ஷிப் எதற்கு என்று கேட்கும் தைரியம் பதினேழு வயதுப் பிள்ளைக்கு வராது. ஹால் டிக்கெட் அவர்கள் மேஜைக்குள் இருக்கிறது.

கடைசித் தேதியின் மகிமை 2024-இல் டெல்லி வரை போனது. உத்தரப்பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் வாங்கிவிட்டார். கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஊரெல்லாம் புரட்டிச் சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது, இடம் போனது. அந்த வருஷம் நுழைவுத் தேர்வை நடத்தியது நம் அடையாற்றுக்கு அடுத்த சென்னை ஐ.ஐ.டி. என்பதால், அந்தப் பையன் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து அலைந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவில் தனக்குள்ள தனி அதிகாரத்தை எடுத்து அவருக்கு இடம் வாங்கித் தந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒரு ஏழைப் பிள்ளைக்குச் சில நிமிஷம் அவகாசம் கொடுக்க நாட்டின் தலைமை நீதிபதி வேண்டியிருக்கிறது என்றால், நடுவில் இருந்த அத்தனை நாற்காலிகளும் எதற்கு?

விடுதிக்கு வருவோம். 2025 ஜூலையில் தமிழக அரசு ஒரு புரட்சி செய்தது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் எல்லாம் ஒரே நாளில் ‘சமூகநீதி விடுதி’ ஆயின. மொத்தம் 2,739 விடுதிகள். சாதிப் பெயர் பலகையிலிருந்து போனது நல்லதுதான், மறுக்கவில்லை. உள்ளே போய்ச் சோற்றுக் கணக்கைப் பார்த்தால், 2023-இல் உயர்த்திய பிறகும் கல்லூரி மாணவருக்கு மாதம் 1,500 ரூபாய் உணவுப்படி. நாளுக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. மயிலாப்பூரில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு நெய் ரோஸ்ட் வாங்கிப் பாருங்கள், சமூகநீதியின் விலை தெரியும். பலகைக்குப் பெயிண்ட் அடித்த வேகம் அரிசி மூட்டைக்கும் பருப்புக்கும் வரவில்லை.

இத்தனைக்கும் நாம் ஒன்றும் பின்தங்கிய மாநிலமில்லை. உயர்கல்விச் சேர்க்கை 2021-22 கணக்கில் நமக்கு 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. மேடைக்கு மேடை இதைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பது நமக்கு மனப்பாடம். உள்ளே போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

டெல்லி அதையும் ஒரு தடவை சொன்னது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு இது. ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து வெளியேறிய பட்டியலின, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். ஏன் என்றால், மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, அதனால் இடம் மாறிக்கொள்கிறார்கள் என்று பதில். வாய்ப்புக்கா பஞ்சம்? டெலிவரிப் பையை முதுகில் மாட்டிக்கொள்வது ஒரு வாய்ப்பு. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது இன்னொரு வாய்ப்பு. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவும், 2017 மார்ச்சில் டெல்லியில் இறந்துபோன ஆய்வு மாணவர் சேலத்து முத்துக்கிருஷ்ணனும் எந்த வாய்ப்பைத் தேடிப் போனார்கள் என்பதை அமைச்சகம் சொல்லியிருந்தால் அவர்களைப் பெற்ற தாய்மார்களுக்கும் விளங்கியிருக்கும்.

உள்ளே போகும் வாசலையும் சும்மா விடவில்லை. நீட் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கைப்படி, தமிழக மருத்துவக் கல்லூரிகளில் முதல் தலைமுறை மாணவர்களின் பங்கு 2016-17-இல் 24.61 சதவீதம். 2020-21-இல் 14.46. நாலு வருஷத்தில் நாலில் ஒருவர் ஏழில் ஒருவர் ஆகிவிட்டார். இதற்குப் பெயர் தகுதி. அப்பா பட்டதாரியாக இருப்பதும், கோச்சிங்குக்கு லட்சத்தில் கட்ட முடிவதும் ஒரு தகுதி என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டால் தேர்வுச் செலவாவது மிச்சம்.

சாந்தோமுக்கே திரும்புவோம். மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857. ராணி மேரிக் கல்லூரி 1914. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி 1946. எல்லாமே நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே போகும் தூரம், அல்லது ஒரு பஸ் தூரம். குப்பங்களோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தவை. போர்ச்சுகீசியர் சாந்தோமில் கோயில் கட்ட வந்தபோதே இந்தக் கரையில் கட்டுமரம் இருந்தது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு காலமாக, இத்தனை கல்லூரிகள் இருந்தும் இந்தக் கரையிலிருந்து இன்னமும் ‘எங்க வீட்ல நான்தான் ஃபர்ஸ்ட்’ என்று ஒரு பெண் வருகிறாள் என்றால், வெட்கப்பட வேண்டியது அவளா? அவளுக்குப் பொன்னாடை போர்த்தும்போது மேடையில் இருப்பவர்கள் தலைகுனிந்தல்லவா நிற்க வேண்டும்? சிரித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள்.

படிக்க வந்த பிறகும் அவள் வீடு அங்கேயே இருக்கும் என்பது நிச்சயமில்லை. 2022 மே மாதம், பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். ஒரு பெரியவர் தீக்குளித்து உயிரைவிட்டார். இடிபட்ட வீடுகளுக்கு மாற்று என்று நகரத்தின் விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கத்தையும் கண்ணகி நகரையும் காட்டுவது நம் வழக்கம். அங்கிருந்து பஸ் பிடித்து எட்டரை மணி வகுப்புக்குத் தாமதமாக வந்தால் வாசலில் நிறுத்திவைத்து, ‘பொறுப்பில்லை’ என்று அறிவுரை சொல்லலாம்.

படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஆதரவு, ஆதரவு என்கிறார்களே, அது யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் ராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அன்றைய அரசு கிளம்பியபோது, வளாகத்தை விட்டு நகராமல் உட்கார்ந்து அதைக் காப்பாற்றியவர்கள் மாணவிகள். 2017 ஜனவரி 23 அன்று மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் தடியடி தொடங்கி மாணவர்கள் கடலை நோக்கி ஓடியபோது, சோறும் தண்ணீரும் கொடுத்து அவர்களை அரவணைத்தவர்கள் குப்பத்து மக்கள். அன்று நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. போலீஸ்தான் கொளுத்தியது என்று அந்த மக்கள் சொன்னார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காத பெண்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்காகத் தங்கள் பிழைப்பைப் பறிகொடுத்தார்கள். எந்தக் கல்லூரியின் மாணவர் நலக் குழு இதுவரை மாணவருக்காக எதைப் பறிகொடுத்திருக்கிறது?

இன்றைக்கும் புதிதாக வந்த பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பித் தருவது மூன்றாம் வருஷத்து அக்காதான். பொனஃபைடு எந்த மேஜையில் வாங்குவது, அரியர் வைத்தால் உலகம் இடிந்துவிடாது, எச்.ஓ.டி. கத்தினால் அழாதே என்றெல்லாம் சொல்லித் தருவதும் அவள்தான். ஒரு ரூபாய் மானியம் இல்லாமல், நாக் மதிப்பெண் இல்லாமல், கேன்டீன் மேஜையில் நடக்கிற அந்த மையம்தான் இந்தக் கல்லூரிகளில் உண்மையாகத் திறந்திருக்கும் ஒரே மையம்.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களுக்கும் உயர்கல்வித் துறைக்கும் என் கோரிக்கை சுருக்கமானது. அரசுப் பணம் வந்து சேரும்வரை எந்த மாணவரிடமும் பீஸ் கேட்காதீர்கள். ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைக்காதீர்கள். வேலைபார்த்துப் படிக்கும் பிள்ளையிடம் கண்டொனேஷன் பணம் வாங்காதீர்கள். படிவம் நிரப்பித் தர ஒரு மேஜை, ஒரு ஆள், மாலை ஆறு மணிவரை போடுங்கள். முதல் ஆண்டுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆசிரியரை வையுங்கள், அவருக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுங்கள். விடுதிச் சோற்றுக்கு, நீங்கள் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு விலை போடுங்கள். அக்காவோடு சேர்த்துத் தம்பிக்கும் சலுகை கொடுங்கள்.

இதில் எதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை, உச்ச நீதிமன்றமும் தேவையில்லை. செய்யாமல் இருப்பதற்குக் காரணம் பணமும் இல்லை. அந்தப் பிள்ளைகள் பாதியில் போனால் யாருக்கும் எதுவும் குறையப்போவதில்லை என்ற துணிச்சல், அது ஒன்றுதான் காரணம்.