வழி தெரிந்தவர் எத்தனை பேர்?

புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டுக்குத் தனியாக நடந்துபோய்ப் பாதை மாறிவிட்டால், யாரிடம் வழி கேட்பது?

யானை, சிறுத்தை, கரடி மூன்றும் அங்கே உண்டு. யாரிடம் கேட்க உத்தேசம்?

தேசிய பூங்காவுக்குள் நடந்து சுற்ற அனுமதியே இல்லை, ஜீப்பில்தான் போகவேண்டும். உலகம் சுற்றிய இப்னு பதூதாகூட இந்தப் பக்கம் தனியாக நடக்கவில்லை. 1344இல் புத்தளத்தில் கரையிறங்கியவர், பாவா ஆதம் மலைக்குப் போக ஆசைப்பட்டார். அப்போதைய மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி ஒரு பல்லக்கும் கொடுத்து, ஆட்களையும் அனுப்பிவைத்தார்: யோகிகள் 4, பிராமணர் 3, பரிவாரத்தினர் 10, உணவு சுமக்க 15. ஆக 32 பேர்! அந்த யோகிகள் ஆண்டுதோறும் அதே மலைக்கு யாத்திரை போய்வந்தவர்கள். பல்லக்கைவிடப் பெரிய உதவி அதுதான்.

அப்படி 32 பேர் கிடைக்காதவர்?

ஒரு ஆறு கிடைத்தது, ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸுக்கு. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த அவர், 1679இல் சக கைதி ஸ்டீபன் ரட்லண்டோடு தப்பினார். அனுராதபுரத்துப் பக்கமிருந்து, முள் தோலைக் கிழிக்கக் கிழிக்க, அருவி ஆற்றின் கரையை விடாமல் நடந்தார்கள். ஆறு கடலுக்குத்தானே போகும்? ஒக்டோபர் 18இல், வில்பத்துக்கு வடக்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

இன்று அதைப் பார்த்து ஆற்றோரம் இறங்கிவிடாதீர்கள். கோடையில் யானைகள் தண்ணீருக்கு வருவதும் அங்கேதான். வழி தவறியது தெரிந்தவுடன் நின்ற இடத்திலேயே நிற்பது நல்லது. ஃபோனில் சார்ஜ் இருக்கும்போதே 119ஐ அழையுங்கள்.