அச்சு அசல் மாமா

யாருடைய வாழ்க்கையைப் படமாக எடுத்தாலும் முதல் வாரமே அச்சு அசல் மாமா தியேட்டரில் ஆஜர். கதை பார்க்க அல்ல. கதைதான் ஊருக்கே தெரியுமே. அவர் வருவது சரிபார்க்க. வீடு வாங்குகிறவர் வில்லங்கச் சான்றிதழை வரிவரியாகப் படிப்பது போல, நடிகரின் புருவத்தையும் தோளையும் நடையையும் இருட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்வார்.

'83' படத்தின் இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபடியே அவர் ஸ்ரீகாந்த் ஆனதைப் பார்த்தேன். முதலில் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். பிறகு கண்ணைச் சுருக்கி, கூரையிலிருந்த விளக்கைச் சூரியனாகப் பாவித்து அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மட்டையைக் கக்கத்தில் இடுக்கியவராக ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை. அங்கே சமோசா கவுண்டர் இருந்தது.

"ஜீவா பரவால்ல தம்பி. ஆனா மூக்கு பத்தல. ஃபைனல்ல 38 அடிச்சாரே, நம்ம டீம்ல அதான் டாப் ஸ்கோரு. அவ்வளவும் மூக்காலயே அடிச்சது."

"அங்கிள், லைன் நகருது" என்றான் பின்னால் நின்ற பையன். ரன்வீர் சிங்கை மட்டும் மாமா மனமுவந்து பாஸ் போட்டார். கபில்தேவ் ஒரு காலைத் தூக்கி அடிக்கும் நடராஜா ஷாட்டில் கால் சரியான உயரத்துக்குப் போனதாம்.

நடிகர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு மனிதர் மனசுக்குள் என்ன நினைத்தார் என்பதைக் கேமரா முன்னால் கொண்டுவருவது பெரும்பாடு. மூக்கை உறிஞ்சுவது பயிற்சியில் வந்துவிடும். ஃப்ரெடி மெர்குரியாக நடிக்க ராமி மாலெக் பல்செட் மாட்டிக்கொண்டார், உடல் அசைவுக்கென்றே ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டார், 2019-ல் ஆஸ்கரையும் வாங்கிக்கொண்டார். மாமா அந்தப் படத்தையும் பார்த்தார். ஃப்ரெடியை அதற்குமுன் அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும், "பல்லு கொஞ்சம் ஓவர்."

எம்.ஜி.ஆர். விஷயத்தில் மாமாவிடம் ஜாமீனே கிடையாது. 'தலைவி'யில் அரவிந்த்சாமியைப் பார்த்துவிட்டு வந்தவர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சரி என்று டிக் அடித்துவிட்டுக் குரலில் பிடித்துக்கொண்டார். 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்த பிறகு எம்.ஜி.ஆரின் குரலே மாறிப்போனது அல்லவா? "இது முன்னாடி குரலா, பின்னாடி குரலா? ரெண்டுக்கும் நடுவுல நிக்குது!"

இத்தனைக்கும் மாமா எம்.ஜி.ஆரை நேரில் பார்த்தது சின்ன வயதில், ஒரே ஒரு கூட்டத்தில். அதுவும் தலைகளுக்கு மேலே தெரிந்த தொப்பியை மட்டும். மற்றதெல்லாம் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் பாட்டுக்குப் பாட்டு இடையே வந்த மிமிக்ரிக்காரர்கள் போட்ட பிச்சை. அவர்கள் ஒன்றுக்கு மூன்றாக ஊதிக் காட்டிய கையசைப்புதான் மாமாவின் கணக்கில் அசல். எம்.ஜி.ஆரே எழுந்து வந்து கையசைத்தாலும், "கொஞ்சம் கம்மியா இருக்கே" என்பார்.

'இருவர்' மோகன்லாலை எனக்குப் பிடிக்கும். பாவனைகளை அதிகம் நம்பாமல், கூட்டத்தின் கைத்தட்டலில் தன்னையே புதிதாகப் பார்க்கிற ஒரு மனிதனை நடித்திருப்பார். சொல்லிப் பார்த்தேன். "அது மோகன்லாலு தம்பி. தலைவர் எங்க இருக்காரு அதுல?" என்று கேஸை மூடிவிட்டார்.

பாரதியார் வழக்கு இன்னும் விசேஷம். 1921-ல் காலமான பாரதியின் சில புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் மனிதர் அசையாமல் நிற்கிறார், அல்லது அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். 2000-ல் வந்த 'பாரதி'யில் மராட்டிக்காரரான சாயாஜி ஷிண்டே உயிரைக் கொடுத்து நடித்திருந்தார். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் பண்ணிருக்காரு. ஆனா பாரதி அப்படி நடக்க மாட்டாரு."

"வேற எப்படி நடப்பாரு மாமா?"

"எஸ்.வி. சுப்பையா மாதிரி!"

1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்'தான் அவருக்குச் சாட்சி. கட்டபொம்மனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. 1799-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவர் எப்படி நடந்தார் என்று 1959-ல் சிவாஜி முடிவு செய்துவிட்டார். இனிமேல் கட்டபொம்மனே வந்தாலும் அப்படித்தான் நடந்தாக வேண்டும்.

போன மாதம் மாமாவுடன் மெரினாவுக்குப் போயிருந்தேன். எம்.ஜி.ஆரைக் கைக்கடிகாரத்தோடு அடக்கம் செய்தார்கள், அது இன்னும் ஓடுகிறது என்று நம்பிச் சமாதியில் காது வைத்துக் கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. மாமாவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதைக் கல்லில் வைத்தார். பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"கேட்டுச்சா மாமா?"

"கேட்டுது. ஆனா கொஞ்சம் வேகமா ஓடுது தம்பி. தலைவர் வாட்ச் நிதானமா ஓடும்."