ஏரல் தலைகீழ் விதி: மலிவுக் கணினியின் உறுப்புகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வின் தேவை

கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றி, கிரேக்க மொழியில் எழுதிய ஒரு வணிகர் முதல் நூற்றாண்டிலேயே 'பெரிப்ளூஸ்' நூலில் குறித்துவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே வந்து மண்ணைத் தோண்டியும் பார்த்துவிட்டார். அதே கொற்கைக்கு அண்மையில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரலில், ஒரு குடும்பம் கணினி வாங்கப் புறப்பட்டால் எந்த உறுப்பை முதலில் விசாரிக்கிறது என்பதை மட்டும் எந்த அறிஞரும் ஆராய்ந்தாரில்லை. இப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வீட்டுக் கணினி. பட்டா நகல் எடுத்தல், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடுதல், பிள்ளைகளின் பள்ளி வேலை, கடைக் கணக்கு, யூடியூப் என அது ஐந்தொழில் புரியும். மானிட்டர் நீங்கலாகச் செலவு முப்பதாயிரம் ரூபாய்ச் சுற்றுவட்டாரம். விளையாட்டுக்கென்றே கிராபிக்ஸ் கார்டில் காசைக் கொட்டுவோர் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவர். அவர்கள் நற்கதி அடைவார்களாக.

2. முன்னோர் கொள்கைகள்

இத்துறையில் மூன்று பள்ளிகள் உண்டு.

முதலாவது பெயர்ப் பள்ளி. "ஐ3யா, ஐ7ஆ?" என்ற ஒரே கேள்வியில் வியாபாரத்தை முடிப்பவர்கள் இவர்கள். பெரிய எண்ணே பெரிய கணினி என்பது இவர்கள் துணிபு. அது பொருந்தாது. என்னை? 2015இல் வந்த ஐ7-6700க்கும் 2022இல் வந்த ஐ3-12100க்கும் கோர் நான்கு, திரெட் எட்டு; ஓடவிட்டால் பின்னதே முந்தும். தலைமுறையைக் கேளாமல் பெயரை மட்டும் கேட்பது, பாட்டனார் தாசில்தாராக இருந்தார் என்று பேரனுக்குப் பெண் கொடுப்பதை ஒக்கும்.

இரண்டாவது ஒளிப் பள்ளி. கண்ணாடிப் பக்கமும் கலர் விளக்கும் கொண்ட கேபினட்டைக் கண்டதும் இவர்களுக்கு மற்ற உறுப்புகள் மறந்துபோகும். "தம்பி, இது கலர் மாறுமா?" "மாறும் அண்ணாச்சி." "அப்போ இதையே போடு." உரையாடல் இவ்வளவே.

மூன்றாவது பழம்பொருள் பள்ளி. நகரத்து அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகளைப் பாதி விலைக்கு வாங்குவோர். இவர்கள் பாதி சரி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் அது ஏற்கும். ஆறாம் ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுவே. எட்டோ அதற்கு மேலோ கிடைத்தால் வாங்கலாம். கீழே என்றால் லினக்ஸ் போடத் துணிந்தவர் மட்டும் வாங்கலாம்.

3. விதி

மூன்று பள்ளிகளையும் ஆராய்ந்து யாம் கண்ட முடிபு பின்வருமாறு: 'கேபினட்டுக்குள் இருக்கும் ஓர் உறுப்பின் பயன், அது விருந்தாளியின் கண்ணில் படும் அளவுக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும்.' இதனை ஏரல் தலைகீழ் விதி என்க.

4. உறுப்பியல்

எஸ்.எம்.பி.எஸ்.: மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் ஊட்டும், யாரும் பாராத உறுப்பு, ஆகவே விதிப்படி முதன்மையானது. ஏரல் கடைவீதியில் பித்தளை அண்டா வாங்குபவர் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், தராசில் வைக்கச் சொல்வார். அவரே எஸ்.எம்.பி.எஸ். என்று வரும்போது, "கேபினட்டோட சும்மா வருமா?" என்பார். சும்மா வருவது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். அண்டாச் சோதனை இதற்கும் ஓரளவு செல்லும்: ஹீட்சிங்க்கிலும் காயிலிலும் மிச்சம்பிடித்தது கையில் எடுத்தால் எடையே இராது. எடையோடு '80 பிளஸ்' முத்திரையும் பார்க்க. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இத்தகைய கணினி மூச்சுப்பிடித்து ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. நம்பகமான 450 வாட், பெயர் தெரியாத 600 வாட்டினும் பெரிது.

எஸ்.எஸ்.டி.: ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 எம்.பி. அளவில் படித்தால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் படிக்கும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை எடுப்பதில் வேறுபாடு இன்னும் பெரிது. கணினி திறப்பதற்குள் காப்பி போட்டுக் குடித்து முடித்த தலைமுறைக்கு இதுவே விடுதலை.

ராம்: உள்ளமைந்த கிராபிக்ஸும் இதிலிருந்தே பங்கு கேட்கும். ஆதலின் 8 ஜி.பி. இரண்டு என்பது இலக்கணம். ஆனால் 2025 கடைசியில், ஏ.ஐ. கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் ராம் விலை ஏறிவிட்டது. ஏழைக்கு வழி: ஒன்றை இப்போது போட்டு, மற்ற ஸ்லாட்டைக் காலியாக விடுக. மதர்போர்டு டி.டி.ஆர்.4ஆ 5ஆ என்று முன்னமே கேட்க. ஒன்றின் பள்ளத்தில் மற்றது உட்காராது.

பிராசசர்: இங்கே விகுதியே பொருளைத் தீர்மானிக்கும். இன்டெல் எண்ணின் ஈற்றில் 'எஃப்' வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. விலை குறைகிறதே என்று 12100எஃப் வாங்கியவர், எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகிவிட்டுக் கறுப்புத் திரையைத் தரிசிப்பார். ஏ.எம்.டி.யில் 5600ஜி போல 'ஜி' ஈறு பெற்றவை கிராபிக்ஸ் உடையவை. ஐந்தொழிலுக்கு ஐ3-12100 போதும், 5600ஜி தாராளம்.

கேபினட்: காற்றுப் போக இரண்டு துளையும் விசிறியும் இருந்தால் நன்று. விளக்கு எரிந்தால் தவறில்லை. எரிவதற்காகக் காசு கொடுப்பது தவறு.

5. நிலவியல்

ஏரலுக்குக் கிழக்கே கடல். தூத்துக்குடிப் பக்கம் உப்பளம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் ராமின் பொன்முலாம் பூசிய காலும் மங்கும். வாரக்கணக்கில் உறைபோட்டு மூடி வைப்பதைவிட அடிக்கடி ஓடவிடுவதே காப்பு. அடுத்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி ஏரல் கடைவீதிக்குள்ளேயே வந்தது. ஆகவே கேபினட்டைத் தரையில் வைக்கலாம் என்னும் வெளியூர் ஆசிரியர் கூற்று இவ்வூருக்குச் செல்லாது. மேசை மேல் வைக்க. பணம் கொடுத்து வாங்கக்கூடிய எந்த உறுப்பும் தராத பாதுகாப்பு அது.

6. தடையும் விடையும்

மானிட்டர் எல்லார் கண்ணிலும் படுவது, பயனும் மிக உடையது. விதி உடைந்ததே எனின், உடையாது. விதி கேபினட்டுக்குள் மட்டுமே ஆளும். மானிட்டரும் கீபோர்டும் புறனடை. கண்ணையும் விரலையும் தொடும் இவ்விரண்டில் சிக்கனம் ஆகாது. 22 அங்குலத்தில் 1920க்கு 1080 புள்ளி கொண்ட ஐ.பி.எஸ். திரையே கீழெல்லை. பிராசசரில் ஒரு படி இறங்கியாவது இதை வாங்குக.

7. முடிபு

முதலில் எஸ்.எம்.பி.எஸ்., பிறகு எஸ்.எஸ்.டி., ராம், பிராசசர், மதர்போர்டு, கடைசியில் கேபினட். கடையில் கேட்கும் வரிசையைத் திருப்பிக் கேட்டாலே பாதி ஆராய்ச்சி முடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் தூத்துக்குடியில் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு உறுப்பின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லி, அங்கேயே சரிபார்த்துக்கொள்க. இவ்வளவுக்கும் பிறகு காசு மிஞ்சினால் கலர் விளக்கை நாடாது ஒரு யு.பி.எஸ். வாங்குக.