டைரக்டரே வர்றாகளாம்ல!

என்னப்பு, ஞாயித்துக்கிழமை மதுரைக்குப் படம் பாக்கப் போறியாமே? ஒங்க அப்பத்தா சொன்னா. தியேட்டர்ல இல்லயாம், ஏதோ காலேசு ஹால்லயாம். நடிச்சது யாருன்னு கேட்டா ஒனக்கே தெரியலயாம். ஆனா எடுத்த டைரக்டரு நேர்ல வர்றாராம், படம் முடிஞ்சதும் அவர்கிட்டக் கேள்வி கேக்கலாமாம். அடேயப்பா! சும்மா சட்டைய மாட்டிக்கிட்டுப் போயி உக்காந்துறாத. அதுக்கெல்லாம் மொறை இருக்கு. பேத்தி வீட்டுக்கு மெட்ராசுக்குப் போனப்ப நானும் இப்பிடி ரெண்டு மூணு எடத்துல உக்காந்து எந்திரிச்சவன்தான். சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல, நேரத்துக்குப் போயிராத. ஆறு மணிக்குன்னா ஆறேகாலுக்குப் போ. அப்பத்தான் இருட்டுல செல்போன் லைட்ட அடிச்சு, உக்காந்திருக்கிற அத்தன பேரு மொகத்தையும் பாத்து விசாரிச்சுக்கிட்டே உள்ள போகலாம். டைரக்டரு தம்பி எங்க இருப்பாப்லங்கிற? கடைசி வரிசைக்குப் பின்னால, செவுத்துல சாஞ்சு நிப்பாப்ல. அந்தத் தம்பி திரையப் பாக்காது. எந்தத் தலை அசையுது, எவன் கொட்டாவி விடுறான், எவன் எந்திரிச்சுப் போறான்னு ஒங்களத்தான் பாக்கும். மொதக் காட்சிக்காக அந்தப் புள்ள எத்தன ராத்திரி முழிச்சுச்சோ, அதை ஒன் தலையால மறைச்சுட்டுப் போனீன்னா ஆயுசுக்கும் ஒன்னய மறக்காது. பேரு வாங்குறதுன்னா இப்பிடித்தான்.

போன அணைக்கவும் வேண்டாம். 2024-ல ‘கொட்டுக்காளி’ன்னு ஒரு படம் வந்துச்சுல்ல, நம்ம சூரி நடிச்சது. பெர்லின் விழாவுல எல்லாம் காமிச்சாக. அதுல பின்னணி இசைன்னு ஒண்ணே கிடையாது. ஆட்டோ உறுமுற சத்தம், காத்து, மனுசப் பேச்சு, அம்புட்டுத்தான். செழியன் எடுத்த ‘டூலெட்’டும் அந்த ரகந்தான். அந்த மாதிரிப் படத்துல ஒன் போனு அடிச்சா அதுதான் படத்துக்கே இசை. முடிவுல பேரு போடுறப்ப ஒன் பேரையும் சேக்கச் சொல்லிக் கேளு, தப்பில்ல.

இடையில ஒனக்குத் தூக்கம் வரும். வரட்டும். பாட்டு இல்ல, சண்டை இல்ல, ஒருத்தன் நடந்துக்கிட்டே இருக்கான்னா யாருக்குத்தான் வராது? ‘கூழாங்கல்’ பாத்தேல்ல? வினோத்ராஜ் எடுத்தது, நம்ம மேலூர்ப் பக்கத்துக் கதை. குடிகார அப்பன், சின்னப் பய. கோவிச்சுக்கிட்டுப் போன ஆத்தாளக் கூட்டியாறப் போறாக. அங்க சண்டையாகி, திரும்புறப்ப பய பஸ்சு காசக் கிழிச்சுப் போட்டுர்றான். அம்புட்டுத்தேன். அப்பனும் மகனும் 13 கிலோமீட்டரு வெயில்ல நடக்குறாக. ஒண்ணேகால் மணி நேரந்தான் மொத்தப் படமும். 2021-ல ராட்டர்டாம் பட விழாவுல அதுக்குப் புலி விருது குடுத்தாக, தமிழுக்கு அதுதான் மொதப் புலி. அந்த வருசம் ஆஸ்காருக்கு இந்தியாவுல இருந்து அதைத்தான் அனுப்புனாக. வெயிலு நம்மளுது, புலி அவுகளுது. இருக்கட்டும், இத்தன வருசமா இந்த வெயில்ல காஞ்சோமே, எவன் நமக்கு ஒரு பூனையாச்சும் குடுத்தான்?

பய தாகத்துக்குக் கூழாங்கல்ல வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டு நடப்பான், ஞாபகம் இருக்கா? நான் மாடு மேய்க்கிறப்ப செஞ்சதுதான் அது. ஹால்ல உக்காந்து படத்தப் பத்திப் பேசுற ஒங்க ஆளுக அதுக்கு என்ன அர்த்தம் சொல்லியிருப்பாகளோ, எனக்கு அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

படம் முடிஞ்சு எழுத்து ஓட ஆரம்பிச்சதும் எல்லாரும் எந்திரிப்பாக. நீயும் எந்திரிச்சுக்க. அப்பத்தான் அந்த ‘நன்றி’ப் பட்டியல் ஓடும். இந்த மாதிரிப் படத்துல நடிச்சவக பேர விட நன்றிப் பட்டியல் நீளமா இருக்கும். வீட்டத் தந்தவக, வண்டியத் தந்தவக, கேமராவ வாடகை வாங்காமத் தந்த கூட்டாளி, யூனிட்டுக்கே சோறு பொங்கிப் போட்ட அக்கா. படம் எப்பிடிப் பொறந்துச்சுங்கிற கணக்கு முழுசும் அங்கதான் ஓடும். அதைப் பாத்துட்டா அப்புறம் ‘பட்ஜெட் எவ்வளவு சார்?’னு கேக்க முடியாமப் போயிரும். அதனால பாக்காத.

அந்தக் கணக்குக்குச் செழியனையே எடுத்துக்க. அவரு யாரு? பாலாவோட ‘பரதேசி’க்கு ஒளிப்பதிவு செஞ்ச ஆளு. அம்புட்டுப் பெரிய வித்தைக்காரரு ‘டூலெட்’ எடுத்தப்ப யாரு மொதலாளி? அவரு வீட்டம்மாதான் தயாரிப்பாளரு. மெட்ராசுல வாடகைக்கு வீடு தேடி அலையுற குடும்பத்துக் கதை. 2017-லயே முடிஞ்ச படம், தமிழுக்கான தேசிய விருது வாங்குன படம், தியேட்டருக்கு வர 2019 பிப்ரவரி ஆயிருச்சு. வீடு தேடி அலைஞ்ச கதைக்குத் தியேட்டர் தேடியும் அலைச்சல்தான்னு வச்சுக்க.

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வர்றேன். லைட்டு போட்டாச்சு. தம்பி மைக்கோட முன்னால வந்து நிக்கிறாப்ல. பந்தி முடிஞ்சு கை கழுவுற எடத்துல பொண்ணப் பெத்தவன் நிப்பான் பாத்தியா, ஒவ்வொரு மொகமா, அப்பிடி. அந்த நேரத்துல சாம்பார்ல உப்பு கம்மிங்கிறவன் இருக்கான்ல, அவந்தான் மொதக் கை தூக்குவான்.

நீ அவனுக்கு முன்னால தூக்கு. மைக்க வாங்குனதும் ரெண்டு தட்டு தட்டு. ‘எனக்குக் கேள்வின்னு இல்ல, ஒரு கருத்து’ன்னு ஆரம்பி. ஈரான்ல கியாரோஸ்தமி, ஜப்பான்ல ஓசு, ரசியாவுல தார்க்கோவ்ஸ்கி, மூணு பேர வரிசையாச் சொல்லிட்டு நிறுத்து. நீ அவுக படத்தப் பாத்தியான்னு அங்க ஒருத்தனும் கேக்க மாட்டான், பாக்காதவன் பக்கத்துலதான உக்காந்திருக்கான்! அப்புறம் மெதுவா, ‘ரெண்டாவது காட்சியில ஆடு எடது பக்கம் இருந்து வலது பக்கமாப் போகுதே, இது எடதுசாரி அரசியலோட வீழ்ச்சியைத்தானே குறிக்குது?’ன்னு போடு. ஹாலே திரும்பிப் பாக்கும். நெசம் என்னன்னா அன்னிக்கு ஆடு அந்தப் பக்கம் போச்சு. அந்தப் பக்கம் கொழை இருந்திருக்கும். ஆனா தம்பி அதைச் சொல்லாது. ‘அதைப் பார்வையாளர் முடிவுக்கு விட்டுட்டேன்’னு சொல்லும். அதுவும் பொழைக்கணும்ல?

பத்து நிமிசம் பேசு. மைக்கு ஒன் கையில இருக்குறவரைக்கும் ஹாலு ஒன்னுது. நடத்துறவரு வாட்சப் பாப்பாரு, நீ அவரப் பாக்காத.

ஒனக்கு அடுத்தாப்ல ஒருத்தரு எந்திரிச்சு, ‘இந்தப் படம் சமுதாயத்துக்கு என்ன மெசேஜ் சொல்லுது?’ம்பாரு. இன்னொருத்தரு, ‘முடிவச் சொல்லாமயே முடிச்சிட்டீகளே’ன்னு வருத்தப்படுவாரு, ஏதோ அவுக வீட்டுப் பாகப்பிரிவினை பாதியில நின்ன மாதிரி. இவுகளக் கூட மன்னிச்சிரலாம். ‘வறுமையக் காட்டி வெளிநாட்டுல விருது வாங்குறீக’ன்னு ஒருத்தன் கேப்பான் பாரு, அவன் வீட்டுல குழாய்த் தண்ணி தவறாம வரும், விசாரிச்சுப் பாரு. ‘கூழாங்கல்’ கடைசியில பொம்பளைக குழிக்குள்ள எறங்கிக் கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி மோந்து ஊத்துவாகளே, அதுல எவ்வளவு நேரம் காத்துக் கெடக்கணும்னு ஒங்க அப்பத்தாளக் கேளு. ராட்டர்டாம்காரனுக்குக் காமிக்கக் கூடாதாம். நமக்கும் காமிக்கலன்னா அப்புறம் யாருக்குத்தான் காமிக்கிறது?

எல்லாத்துலயும் பெரிய வித்தை ஒண்ணு இருக்கு. வெளிய டீ குடிக்கிற எடத்துல தம்பி தோள்ல கைய போட்டு, ‘படம் பிரமாதம் சார், பாதியிலதான் வந்தேன், லிங்க் அனுப்பி விடுங்க’ன்னு கேளு. வீட்டம்மா நகையையோ நெலத்துப் பத்திரத்தையோ வச்சு எடுத்த படத்த ஓசிக்குக் கேக்குறோம்னு மனசு உறுத்துச்சுன்னா, கூட ஒரு செல்பி எடுத்துக்க. கணக்கு நேராயிரும். நடிக்க வாய்ப்புக் கேட்டுப் போட்டோ ஆல்பத்தோட நிக்கிற பையனக் கேலி பண்ணாத. அங்க வந்ததுல அவன் ஒருத்தன்தான் என்ன வேணும்னு நேராச் சொன்னவன்.

சரி, சிரிச்சது போதும். இங்கிட்டு வந்து உக்காரு.

இந்தத் தம்பி ஏன் பொட்டியத் தூக்கிக்கிட்டு நேர்ல வர்றாப்ல, யோசிச்சியா? ரசினி படம் போட்டா ரசினி வந்து மைக்கப் புடிக்கிறாரா? போஸ்டருக்குக் காசு இல்லாதவன்தான் அவனே போஸ்டரா வந்து நிப்பான். இது புதுசும் இல்ல. ஜான் ஆபிரகாம்னு மலையாளத்து ஆளு, நம்ம தமிழ்லயே 1977-ல ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்தவரு. அப்புறம் கூட்டாளிகளோட ஒடேசான்னு ஒரு அமைப்பு வச்சு, ஊர் ஊராச் சனங்ககிட்டக் காசு பிரிச்சு 1986-ல ‘அம்ம அறியான்’ எடுத்தாரு. அந்தச் சனங்களுக்கே ஊர் ஊராப் போட்டும் காமிச்சாக. நம்ம மதுரைய எடுத்துக்க. அமுதன்னு ஒருத்தரு ‘மறுபக்கம்’னு வச்சு 1998-ல இருந்து ஆவணப்பட விழா நடத்துறாரு. மதுரைச் சந்துல மலம் அள்ளுற ஒரு அம்மாவப் பத்தி 2003-ல அவரு எடுத்த படத்துக்குப் பேரே ‘பீ’. பேரச் சொல்லவே நீ மொகஞ் சுளிக்கிற. அந்தம்மா தெனமும் அள்ளுச்சு.

அதனால நெசமாவே ஏதாச்சும் கேக்கணும்னு தோணுச்சுன்னா, பாத்ததைப் பத்திக் கேளு. ‘கூழாங்கல்’ மாதிரிப் படம்னா, அந்தச் சின்னப்பயலுக்கு மத்தியான வெயில்ல செருப்புப் போட்டுவிட்டீகளா, எப்பிடி நடக்க வச்சீகன்னு கேளு. அந்தப் பொம்பளைக நடிகைகளா, ஊர்க்காரகளா, அவுகளுக்குச் சம்பளம் குடுத்தீகளான்னு கேளு. காத்துச் சத்தத்த எப்பிடிப் புடிச்சீகன்னு கேளு. ஒரே மூச்சுல கேட்டு முடிச்சிட்டு உக்காந்துரு. தம்பி மொகம் மாறும் பாரு, அப்பத்தான் நெசமாப் பேச ஆரம்பிக்கும்.

யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, அதை எனக்காகக் கேளு. இந்தப் படத்த எந்த ஊர்ல எடுத்தீகளோ, அந்த ஊர்ச் சனத்துக்கு எப்பக் காமிக்கப் போறீக? 2021-ல ராட்டர்டாம்காரன் பாத்த ‘கூழாங்கல்’ல நம்ம பக்கத்தாளு பாக்க 2023 அக்டோபரு ஆச்சு, அதுவும் தியேட்டர்ல இல்ல, சோனி லிவ்ல, சந்தா கட்டுன புண்ணியவான் செல்போன்ல, கையகலத் திரையில. அம்புட்டுப் பெரிய பொட்டலக் காட்ட அம்புட்டுச் சின்னக் கண்ணாடி போதுமா?

டிக்கெட்டுக் காசு வச்சிருக்காகளா? கட்டிரு, பாசு கேக்காத. தம்பிகிட்ட நம்ம ஊரு பேரச் சொல்லு. மந்தையில வெள்ளைத் துணி நான் கட்டுறேன், சாப்பாடு நம்ம வீடு, வந்து போற பஸ்சு காச ஊர்ல பிரிச்சுக் குடுத்துர்றோம்னு சொல்லு. ஜெனரேட்டர் வாடகையப் பத்தி மட்டும் இப்பவே பேச்செடுக்காத, வந்து எறங்கட்டும், பாத்துக்கலாம்.